மாமாவின் காலுக்கு ஒரு பெட்டி

அட்டையில் பெட்டி செய்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு ஒரு வீடு, பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு ஒரு கப்பல் என்று எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஏதோ ஒன்று வெட்டி ஒட்டியிருப்போம். நான் ஒரு காலுக்குப் பெட்டி செய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. இத்தனை காலம் இதை ஒருவருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது சொல்வதற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் பிரஷர் குளிசையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் கதைத்து முடித்த பிறகு எல்லோரும் சும்மா இருந்துவிடுகிறோம். அந்த நேரத்தில் சொல்லக்கூடிய கதையாக என்னிடம் இது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், நாரந்தனையில் இருந்தது. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். அம்மா வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுப்பார். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். அவரைத்தான் மாமா என்கிறேன். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர், அம்மா வளர்த்த பிள்ளை. கடற்தொழில் செய்தார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. அன்று அது எனக்குப் பெரிய வயதாகத் தெரிந்தது. இன்று என் கடைசி மகனுக்கு அதைவிடக் கூட. அவன் இன்னும் ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

வலை இழுக்கும்போது ஒரு நாள் மாமாவின் வலது காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. பழந்துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் இன்னும் நாலு நாள் கடலுக்குப் போனார். ஐந்தாம் நாள் பாயை விட்டு எழும்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனபோது கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். அந்த மாரி முழுவதும் இரண்டு ஊன்றுகோல்களின் சத்தம்தான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தது.

தை கழிய, புதுக் கால் வந்தது. அதை எப்படிச் சொல்வது. மரத்தில் கடைந்து, மேலே ஒரு நிறம் பூசியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி, யாருக்கும் இல்லாத ஒரு வெளிறிய நிறம். மிஞ்சிய காலை உள்ளே விடுவதற்குக் கிண்ணம் மாதிரிக் குடைந்த ஒரு பள்ளம். அதற்கு மேலே தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் தோல்பட்டை. முழங்காலின் இரு பக்கமும் இரும்புத் தகடு. கீழே பாதம், அதில் ஒரு கறுத்த சப்பாத்து. புதுத் தோலும் வார்னிஷும் கலந்த மணம். மாமா அதைக் கட்டிக்கொண்டு கூடத்தில் ஆறு அடி நடந்தார். அம்மா குசினி வாசலில் நின்று அழுதார். பக்கத்து வீட்டாரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பா ஒரு திட்டம் போட்டார். அவர் எதற்கும் திட்டம் போடுகிறவர். பாஸ்குத் திருநாளுக்கு, அதுதான் ஈஸ்டருக்கு, மாமா தன் காலில் கோயிலுக்கு நடந்து வரவேண்டும். அதற்கு அடுத்த கிழமை சங்கக்கடையில் சாமான் நிறுக்கிற வேலை. நிர்வாகத்தில் உள்ளவர்களோடு அப்பா கதைத்து வைத்திருந்தார். நின்று வேலை செய்யக்கூடியவர் என்று காட்டினால் போதும். தினமும் காலையும் மாலையும் கிணற்றடியிலிருந்து வாசற் படலை வரை பத்துத் தரம் நடக்கவேண்டும் என்று மாமாவுக்கு உத்தரவு.

முதல் இரண்டு கிழமை மாமா நடந்தார். பிறகு காலைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டுத் தடியோடு திரியத் தொடங்கினார்.

"கால் ஆடுது அத்தான். உள்ளுக்கை பிடிப்பில்லை," என்றார்.

"பழகினாத்தானே பிடிக்கும்," என்றார் அப்பா.

என்றாலும் அப்பா கால் செய்து தந்த இடத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு தபாலட்டை பதிலாக வந்தது. வெட்டிய கால் முதல் மாதங்களில் மெலிவது வழமை, அளவு திருத்தவேண்டும், காலையும் ஆளையும் கொண்டுவாருங்கள் என்று ஒரு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு இன்னும் நாலு கிழமைக்குக் கிட்ட இருந்தது. கடைசியில் ஒரு வரி: நோவு இருந்தால் அதுவரை அணிய வேண்டாம். அப்பா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"நோகுதோ?"

மாமா சாரத்தை மிஞ்சிய காலுக்கு மேலே இழுத்துவிட்டார். "இல்லை," என்றார்.

"அப்ப நடக்கலாம்."

இந்த இடத்தை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. கேட்டவர் கேட்டார். சொன்னவர் சொன்னார். அம்மா தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் தரையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

காலை எப்படிக் கொண்டுபோவது என்பது அடுத்த பிரச்சினை. ஆடுகிற காலோடு பஸ்ஸில் ஏற முடியாது, தடியோடுதான் வருவேன் என்று மாமா சொல்லிவிட்டார். சாக்கில் கட்டிக் கொண்டுபோகலாம் என்றார் அப்பா.

"சாக்கிலை கட்டினாச் சப்பாத்துத் தெரியும். பஸ்ஸிலை இருக்கிற சனமெல்லாம் பாக்கும். நான் வரேல்லை."

"பாத்தா என்ன? நீர் என்ன களவெடுத்துக்கொண்டே போறீர்?"

அப்பா அம்மாவின் தம்பியோடு கதைக்கும்போது சாதாரணமாக 'நீ' என்பார். கோபம் வந்தால் 'நீர்' வரும். அம்மாவுக்கு அது தெரியும். உடனே இடையில் புகுந்தார்.

"இஞ்சேருங்கோ, கடையிலை அட்டைப் பெட்டி கிடக்குத்தானே. அளவா ஒரு பெட்டி செய்து அதுக்குள்ளை வைச்சுக் கொண்டுபோவம். ஒருத்தருக்கும் என்னவெண்டு தெரியாது."

அடுத்த நாள் அப்பா சைக்கிளில் மூன்று பெட்டி கட்டிக்கொண்டு வந்தார். பால்மா வந்த பெட்டி இரண்டு, சவர்க்காரம் வந்த பெட்டி ஒன்று. மூன்றிலும் காலின் நீளத்துக்குப் பாதிதான் இருந்தது. அப்பா அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக் காலைத் தரையில் பக்கவாட்டில் கிடத்தி அளந்தார். நீளம் இருபத்தேழு அங்குலம். பாதம் நீட்டிக்கொண்டிருந்த பக்கம் பத்தரை. தடிப்பு ஆறு. சவர்க்காரப் பெட்டியை விரித்து அதே அளவுக்குக் கோடு கீறி வெட்டினார், மடித்தார். அட்டையின் தடிப்பை அவர் நினைக்கவில்லை. மடித்த பிறகு உள்ளே இடம் குறைந்துபோயிற்று. குதி நுழைந்தால் தோல்பட்டை நுழையவில்லை, பட்டையை அமத்தினால் சப்பாத்து நுனி அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை வைத்தார்.

"கடைக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அதற்கு முந்திய நத்தாருக்குக் குடில் கட்டியவள். அட்டையை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு. மிச்சம் இருந்த இரண்டு பால்மாப் பெட்டிகளையும் மூலை பிரித்துப் பாயாக விரித்தேன். அட்டைக்குள்ளே நெளிநெளியாக ஒரு தாள் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்த நெளி ஓடுகிற பக்கமாக மடித்தால் சொன்னபடி மடியும். குறுக்கே மடித்தால் முறிந்து பிசிறும். குறுக்கே மடிக்கவேண்டிய இடங்களில் கரண்டிக் காம்பை வைத்து அழுத்தி மூன்று தரம் இழுத்து அட்டையை நசித்தேன். பிறகு மடித்தால் கோட்டிலேயே மடிந்தது. எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட்டி வைத்தேன். இரண்டு அட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்று நாலு விரல் ஏற்றி, கோதுமை மாவில் காய்ச்சிய பசை பூசி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். காய்ந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சாக்கு தைக்கும் ஊசியால் சணல் நூல் கோத்து அந்த இடத்தைத் தைத்தேன். விரலில் குத்திக்கொண்டேன்.

மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இப்பவே பெட்டி அடிக்கிறாள் அக்கா, உன்ரை மகள்," என்றார்.

"வாயைப் பொத்து," என்றார் அம்மா மெஷினை நிறுத்தாமல்.

எழுத்துள்ள பக்கம் வெளியே தெரியவேண்டாம், ஒன்றும் இல்லாத பக்கம்தான் வெளியே இருக்கவேண்டும் என்று மாமா கேட்டார். அதனால் அட்டையைப் புரட்டி மடித்தேன். பால்மாப் பெட்டியில் கொழுத்த ஒரு குழந்தையின் படம் இருந்தது. அது உள்ளே போய்ப் பெட்டியின் அடியில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தது. மூடியை முதலில் பெட்டியின் அளவுக்கே செய்துவிட்டேன். அது பெட்டியின் மேல் ஏறவில்லை. அப்பா கிழித்த சவர்க்காரப் பெட்டியை வெட்டிக் கால் அங்குலம் கூட்டி இன்னொன்று செய்தேன். அது வழுக்கிக்கொண்டு இறங்கி, கடைசியில் 'புஸ்' என்று காற்றை விட்டு உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே நாலைந்து தரம் மூடித் திறந்தேன். என் கையால் செய்தவற்றில் அவ்வளவு சரியாக அமைந்தது அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சமையலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பின்னேரம் காலைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். ஆடாமல் இருக்க ஓரங்களில் தென்னந்தும்பு அடைத்தேன். குடைந்த பள்ளத்துக்குள் பத்திரிகைத் தாளைச் சுருட்டி வைத்தால் தோல் நசியாது என்று எனக்கே தோன்றியது. கையை உள்ளே விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. மாமா காலுக்குப் போடுகிற தடித்த காலுறை. இழுத்தேன், வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தபோது பிரிந்து வந்தது. அடிப்பக்கம் பலகை மாதிரிக் காய்ந்து, பாக்குச் சாறு நிறத்தில் இருந்தது. மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். மீன் வெட்டுகிற பலகையின் மணம்.

நிமிர்ந்தபோது மாமா கதிரையை விட்டு எழும்பி என் அருகே தடியில் நின்றார். அவர் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்மா கிணற்றடியில் நின்றார்.

"தா," என்றார்.

கொடுத்தேன். அதைச் சுருட்டிச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டார்.

"காயமோ மாமா?"

"சின்னக் காயம். மாறிக்கொண்டு வருது."

"அம்மாட்டைச் சொல்லட்டோ?"

அவர் பாடுபட்டுத் தரையில் இருந்தார். ஒற்றைக் காலை நீட்டிக்கொண்டு என் முகத்துக்கு நேரே இருந்தார்.

"சொல்லாதை பிள்ளை. சொன்னா என்னைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவினம். திரும்ப வெட்டுவினம். இந்தமுறை முழங்காலுக்கு மேலை வெட்டுவினம். பக்கத்துக் கட்டிலிலை ஒருத்தருக்கு அப்பிடித்தான் செய்தவை. நான் பாத்தனான்." கொஞ்சம் மூச்சு விட்டார். "இது தானா மாறும். திருத்தின கால் வந்தால் எல்லாம் சரி. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

"சொல்லமாட்டன்," என்றேன்.

அப்பா வந்து பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார். "கெட்டிக்காரி," என்றார். அப்பா அப்படிச் சொல்வது அருமை. பெட்டியை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார்.

அதன் பிறகு மூன்று கிழமை. காலை எடுப்பதும் கட்டுவதும் நடப்பதும் திரும்பப் பெட்டிக்குள் வைப்பதும். கிணற்றடி, படலை, கிணற்றடி. மாமா நடக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கமாட்டேன். படலையில் திரும்பும்போது வேலியில் நட்ட கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார். அப்பா சங்கக்கடையிலிருந்து வந்தால் எத்தனை தரம் என்று கேட்பார். ஒருநாள் நாலு தரம்தான் என்று தெரிந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் நிற்கும்போதே, "சோம்பலுக்குக் கால் ஒரு சாட்டு," என்றார். மாமா மிச்சம் ஆறையும் நடந்து முடித்தார்.

மத்தியானங்களில் மாமா தடியை ஊன்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். தண்ணீர் ஓரத்தில் இருந்து மிஞ்சிய காலைக் கடலுக்குள் விட்டுக்கொண்டு மணித்தியாலக் கணக்காக இருப்பார். உப்புத் தண்ணீர் காயத்தை மாற்றும் என்று நினைத்தார். அம்மா தூரத்தில் இருந்து அதைப் பார்த்துவிட்டு வந்து கண்ணைத் துடைப்பார்.

"பாவம், கடலை மறக்க ஏலாமல் இருக்கிறான்," என்று அப்பாவிடம் சொன்னார்.

"உந்த நினைப்பாலைதான் நடக்கப் பஞ்சிப்படுறான்," என்றார் அப்பா.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். இரண்டு பேரும் பிழை என்று எனக்குத் தெரியும். வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். பத்து வயதில் அது ஒரு பாரம் என்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றுக்குத்து என்று நினைத்தேன். அம்மா ஓமத் தண்ணீர் தந்தார்.

தவக்காலம். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைப் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பொய், கோபம், தம்பிமாரோடு சண்டை என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். தம்பி எனக்கு இல்லை என்பது சுவாமிக்குத் தெரியாது. பிறகு சொன்னேன்.

"சுவாமி, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

"உம்மடை விஷயமோ, வேறை ஆளின்ரையோ?"

"வேறை ஆளின்ரை."

"சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனீரோ?"

"ஓம் சுவாமி."

"அப்ப அதைக் காப்பாத்த வேணும் பிள்ளை. அது பாவமில்லை."

மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். நல்ல மனிதர். எனக்குப் பின்னால் இருபது பிள்ளைகள் நின்றார்கள். அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்று வெளியே வந்தபோது எனக்கு வயிற்றுக்குத்து நின்றுவிட்டது. அதுதான் பிழையாகப் போயிற்று.

குறித்த நாளில் அம்மா, மாமா, நான் மூன்று பேரும் காலை பஸ்ஸுக்குப் போனோம். பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டி நான் தூக்கினேன். மாமாவுக்கு முகம் சிவந்திருந்தது. வெயில் என்று அம்மா நினைத்தார். பஸ்ஸில் பெட்டியை மாமாவின் மடியில் வைத்தோம். வேலணையில் ஏறிய ஒரு அம்மாள் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். கையில் கத்தரிக்காய்க் கூடை. பெட்டியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன பெட்டி? நீட்டா இருக்கு."

மாமா யோசிக்கவே இல்லை. "வயலின்," என்றார்.

"நீர் வாசிக்கிறனீரோ?"

"ஓம். கொஞ்சம்."

"கால் இல்லாட்டிலும் கடவுள் கையிலை ஒரு வித்தை தந்திருக்கிறார். ஆர் பழக்கினது?"

"நானாத்தான் பழகினனான். கடலுக்குப் போற நேரத்திலை வள்ளத்திலை இருந்து வாசிப்பன்."

"வள்ளத்திலையோ?"

"ஓம் அம்மா. மீன் கேக்கும்."

அந்த அம்மாள் நம்பினார். கலியாண வீட்டுக்கு வாசிப்பாரோ என்று கேட்டார். மாமா, கேட்டால் வருவேன் என்றார். எந்தப் பாட்டு விருப்பம் என்று கேட்டார். மாமா அதற்கும் பதில் சொன்னார். அல்லைப்பிட்டி கழிந்து, மண்டைதீவுச் சந்தி கழிந்து, பண்ணைப் பாலத்தில் காற்று அடித்துக்கொண்டு வரும் வரைக்கும் மாமா வயலின்காரராகவே இருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த மாரிக்குப் பிறகு அம்மா சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். இறங்கும்போது அந்த அம்மாள் கூடையிலிருந்து மூன்று கத்தரிக்காயை எடுத்து என் கையில் தந்தார்.

கால் செய்கிற இடத்தில் இருந்தவர் வயதானவர், மெதுவாகக் கதைக்கிறவர். பெட்டியை மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

"என்ரை மகள்," என்றார் அம்மா.

"வடிவாச் செய்திருக்கிறா. நாங்கள் சாக்கிலை கட்டித்தான் அனுப்புறனாங்கள்."

மூடியைத் தூக்கிக் காலை எடுத்தார். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். விரலை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் காலைச் சரித்து உள்ளே பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தம்பி, துணியை அவிழும்."

மாமா அவிழ்க்கவில்லை. அவரே குனிந்து அவிழ்த்தார். மணம் அறை முழுவதும் பரவியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினை நாளா இப்பிடி?"

"ரெண்டு மூண்டு நாள்," என்றார் மாமா.

அந்த மனிதர் துணியைக் கீழே வைத்தார். மாமாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். மூன்று நாள் காயம் எது என்று அவருக்குத் தெரியாதா. என்றாலும் யாராவது சொல்லட்டும் என்று நின்றார்.

"மூண்டு கிழமைக்கு மேலை," என்றேன் நான். "பெட்டி செய்த அண்டைக்கே இருந்தது."

அம்மா என்னைப் பார்த்தார். மாமா பார்க்கவில்லை. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் நூற்றுமூன்று. அடுத்த நாள் முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் மருந்தோடு போயிருக்கும் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா அதை எனக்குச் சொன்னார். ஆஸ்பத்திரி விறாந்தையில், என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே சொன்னார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அதை அம்மா ஒரு தரம்தான் சொன்னார். செத்துப்போகும் வரை இரண்டாம் தரம் சொல்லவில்லை. எனக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது. நானே பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அதுகளும் என்னிடம் ஒளித்ததையெல்லாம் கண்ட பிறகுதான் ஒன்று விளங்கியது. அந்த வீட்டில் நோகிறது என்று சொல்லப் பயப்பட்டவர் ஒரு பெரிய மனிதர். அவர் அதைச் சொல்லக்கூடிய ஆளாகப் பத்து வயதுப் பிள்ளைதான் கிடைத்தாள். அதை அம்மாவும் யோசிக்கவில்லை, அப்பாவும் யோசிக்கவில்லை. நானும் ஐம்பது வருஷம் யோசிக்கவில்லை.

மரக்காலைப் பெட்டியோடு நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இனி அது அவருக்கு உதவாது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கூடத்தில் தனியாக இருந்து மூடியைத் திறந்தார். காலை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் கையை முழங்கை வரை விட்டார். உள்ளே விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை வெளியே எடுக்க அவருக்கு நிறைய நேரம் பிடித்தது. பூசைக்குப் போகவில்லை.

மாமா வீட்டுக்கு வந்தது வைகாசியில். சங்கக்கடை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மாமா கூடத்தில் பாயில் கிடந்தார். நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் ஓடுறாய்?"

"கோவமோ மாமா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"நீ அண்டைக்குச் சொல்லியிராட்டி நான் செத்துப்போயிருப்பன். முதலே சொல்லியிருந்தால் முழங்கால் இருந்திருக்கும். ரெண்டுக்கும் வாக்குக் கேட்டவன் நான்தான். நீ என்ன செய்வாய்." கையை விட்டார். "போய் நீயும் சாப்பிடு."

சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது.

மாமா அதன் பிறகு எந்தக் காலும் போடவில்லை. வீட்டில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலை பொத்திக் கொடுத்தார். அவருடைய வள்ளம் கரையில் குப்புறக் கிடந்து வெயிலில் வெடித்துக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை அப்பா சேட்டைக் கழற்றிவிட்டு, பழைய சாரத்தோடு மாமாவின் பாய்க்கு முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, வள்ளத்து வெடிப்பை அடைச்சுக் கலப்பத்துப் பாப்பிச்சுப் போட்டன். போவமோ?"

"ஆர் அத்தான் கூட வாறது?"

"நான் வாறன்."

அப்பா கடற்கரை மனிதர் இல்லை. வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பம், அம்மாவைக் கட்டித் தீவுக்கு வந்தவர். சங்கக்கடைப் புத்தகத்தைத் தவிர அவர் கை வேறு ஒன்றையும் பிடித்ததில்லை. மாமாவை முதுகில் சுமந்துகொண்டுபோய் வள்ளத்தில் இருத்தினார். கம்பால் ஊன்றத் தெரியாமல் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி விட்டார். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆழக் கடலுக்குப் போனதும் அப்பா சத்தி எடுத்தார் என்று மாமா பிறகு சொன்னார். கை இரண்டும் கொப்புளித்து, தோள் உரிந்து வந்தார். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மீன் அதிகம் பட்டதில்லை. கறிக்குக் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்லை. சண்டைக் காலத்தில் ஊரை விட்டு எல்லோரும் ஓடும் வரை அப்பா ஒரு சனிக்கிழமையையும் விட்டதில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறார். மாமாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. வள்ளத்தில் இருந்து இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்றும் தெரியாது.

அப்பா செத்தது இடம்பெயர்ந்து இருந்த வீட்டில். எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு அம்மாவும் மாமாவும் நானும் மட்டும் இருந்தோம். மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஊன்றுகோல்களைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"அத்தானுக்கு நீந்தத் தெரியாது அக்கா," என்றார்.

அம்மா நம்பவில்லை. "ஆர் சொன்னது?"

"முதல் நாளே கேட்டனான். ஓடையைத் தாண்டினவுடனை வள்ளம் ஆடிச்சுது. அவர் விளிம்பைப் பிடிச்ச பிடியைப் பாத்துட்டுக் கேட்டனான். தெரியாது, உன்ரை அக்காவுக்குச் சொல்லாதை எண்டவர்."

"பிறகும் ஏன்ரா கூட்டிக்கொண்டு போனனீ? ஒண்டு நடந்திருந்தா?"

"அதையும் கேட்டனான். வள்ளம் கவிண்டா என்ன அத்தான் செய்வியள் எண்டு." மாமா தன் ஒற்றைக் காலைத் தடவிக்கொண்டார். "உனக்கு நீந்தத் தெரியும்தானே எண்டார்."

அம்மா பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், தேத்தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார்.